போஸ்டர் ஒட்டுவாங்களா?

“செல்போன்ல வேணாம் தம்பி. இந்தப் படம் எங்க போடுறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

ரஞ்சித்துக்குத் தலை சுற்றியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறான். பக்கத்தில் பூ விற்கும் வள்ளிக்கண்ணு, ஒரு மாதமாக அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

காவிரிக்கரைக் குடிசைகளைப் பற்றி நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த டாக்குமெண்டரியாம். அதில் வள்ளிக்கண்ணு வீட்டுக் குடிசையும் வருகிறதாம். வாசலில் நின்று அம்மா பேசுகிறாளாம். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

ஐயோ பாவம் என்று இவனும் இணையத்தைக் குடைந்து கண்டுபிடித்துவிட்டான். இப்போது வேணாமாம்!

“இதே படம்தான்க்கா. உங்க அம்மாவா பாருங்க.”

வள்ளிக்கண்ணு பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “எங்க அம்மாதான்” என்றவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நாலு பேரைக் கூட்டி எங்கயாவது போட மாட்டாங்களா?”

“உங்க போன்லயே ஏத்தித் தரேன். தினம் பாத்துக்கலாம்.”

“அது கெடக்கட்டும். ஹால்ல போட்டா போஸ்டர் ஒட்டுவாங்களா?”

“போஸ்டரா? அது எதுக்குக்கா?”

அவள் பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த அக்காவுக்கு என்னதான் வேண்டும்? ரஞ்சித்துக்குக் கடுப்பாக வந்தது. ஆனாலும் விட மனசில்லை. ஃபிலிம் சொசைட்டிக்காரர் ஒருவரை நச்சரித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஹாலில் படத்தைப் போட வைத்தான். அம்மா குடிசை வாசலில் நிற்கிற காட்சியைத்தான் போஸ்டரில் போட வேண்டும் என்று வள்ளிக்கண்ணு ஒற்றைக் காலில் நின்றாள். ஊர் முழுக்க ஒட்டச் சொல்லி வேறு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. திரையில் அம்மா, “மழை பேஞ்சா ஒழுகுற எடத்துல சட்டி வைக்கத்தான் எடமிருக்கு, எங்களுக்கு ஏது?” என்று சிரித்தாள். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். வள்ளிக்கண்ணுவை மட்டும் காணோம்.

ரஞ்சித் பதறிப்போய் வெளியே ஓடிவந்தான். அவள் படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உள்ள உங்க அம்மா பேசிக்கிட்டு இருக்காங்க! இங்க என்ன பண்றீங்க?”

“அம்மா மொகம் எனக்கு மறக்கல தம்பி. காதலிச்சவனோட போன என் தங்கச்சிதான் முப்பது வருஷமா எங்க இருக்கான்னே தெரியல. அவகிட்டயும் அம்மா போட்டோ கெடையாது. அம்மாவைப் பாக்கவாவது அவ வரமாட்டாளா?”