சூடான குழாயில் ஒரு சொட்டு

பெண் ஏர் பிடித்தால் மழை வராது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. தொண்டு நிறுவனம் பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்த பவர் டில்லர் உழவு எந்திரத்தை முதலில் ஓட்டியவள் முத்துராக்கு. அன்று முதல் வானம் வெளுத்தே கிடந்தது. புழுதியில் விதைத்த சோளத்தை எறும்பு இழுத்துப்போனது. இந்த வாரமும் பெய்யாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

மிச்சக் காட்டை உழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, "மேகத்தையும் சேத்து உழுதுட்டீகளே மதினி" என்றான் வரப்பில் நின்ற கொழுந்தன் பால்ச்சாமி.

"இதுல ஏரு எங்க இருக்கு பால்ச்சாமி? காட்டு, கழட்டி வச்சுட்டு ஓட்டுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். காட்டை முடித்து வண்டியை நிறுத்தினாள். சூடான புகைக்குழாயில் 'சுர்' என்றது. எண்ணெய் ஒழுகுகிறதோ என்று குனிந்து பார்த்தாள். மறுபடியும் 'சுர்'. பிறகு அவள் பிடரியில் ஒன்று விழுந்தது, குளிர்ச்சியாக.

அவள் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடுமோ என்றிருந்தது.

பால்ச்சாமி ஓடிவந்தான். தலைத்துண்டை அவிழ்த்து எந்திரத்தின் மேல் போர்த்தினான்.

"நனைஞ்சு கெட்டுறப்போகுது மதினி. அடுத்து எங்க காட்டுக்கு வரணும்ல?"

அதன் பிறகுதான் முத்துராக்கு வானத்தைப் பார்த்தாள்.