எட்டுப் பேர் ஏறலாம்

அந்தக் குடியிருப்புக்கு லிஃப்ட் வந்ததே அங்கே குடியிருந்த ஒரு பாட்டியால்தான். ஆறு மாடி ஏறி இறங்கும் வேலைக்காரப் பெண்களுக்காக, கட்டட முதலாளியின் வாசலில் காலை ஊன்றி நின்று வாங்கிய லிஃப்ட் அது. பாட்டிக்கு இரங்கல் கூட்டம் போட்டு, "எங்கள் தாய்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட சங்கத் தலைவர், மறுவாரமே லிஃப்ட் அருகில் பலகை மாட்டினார்: 'பணியாளர்கள் படிக்கட்டில் செல்லவும்.'

அன்றிலிருந்து தலைவர் ஒருவர் ஏறினாலே மணி அடிக்கிறது, கதவு மூடுவதில்லை.

பழுது பார்க்க வந்த லிஃப்ட் மெக்கானிக், அந்தப் பாட்டியின் பேத்தி. பலகையை இரண்டு முறை படித்தாள். ஆனாலும் வேலை வேலைதான். லிஃப்டின் தரைக்கு அடியில் ரப்பர் கட்டைகள் இருக்கின்றன. ஆள் ஏறினால் அவை அமுங்கும். அமுங்கிய அளவு திரையில் கிலோவாகத் தெரியும். எட்டுப் பேரின் எடையைத் தாண்டினால் மணி அடிக்கும். அதற்கு எடை தெரியும், ஆளைத் தெரியாது.

பெருக்கும் அக்காவை வாளியோடு ஏறி இறங்கச் சொன்னாள். மணி அடிக்கவில்லை. தலைவர் கால் வைத்தார். அடித்தது.

"நான் என்ன யானையாம்மா?"

"இறங்குங்க சார், பாப்போம்."

காலி லிஃப்ட் பூஜ்யம் காட்ட வேண்டும். நாற்பத்திரண்டு காட்டியது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த பாட்டியின் எடை அது.

பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தாமல் விரலை எடுத்த பேத்தி, ஸ்க்ரூடிரைவரைத் தலைவரிடம் நீட்டினாள்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். பலகையைக் கழட்டுங்க."

தலைவர் தயங்கினார்.

காலி லிஃப்டுக்குள் மணி அடித்தது.