ஒட்டுறதா, மாட்டுறதா?

துண்டுகளோடு சேர்த்து அதையும் வாஷிங் மெஷினில் போட்டது நான்தான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் இறங்கினால் வீட்டில் ஏதாவது ஒன்று உயிரை விடும். இந்த முறை என் மனைவி பிராவுக்குப் பதிலாக மார்பில் ஒட்டிக்கொள்கிற சிலிக்கான் கப். வெளியே எடுத்தபோது பஞ்செல்லாம் அப்பிக்கொண்டு, மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

அவள் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "பரவாயில்லை விடுங்க. நான் வரலை, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் தங்கை மகளின் கல்யாண வரவேற்பு. பல மாதமாக எந்த விசேஷத்துக்கும் வராதவள், தங்கை அழுது கேட்டதால் இதற்கு மட்டும் சம்மதித்திருந்தாள். முதுகு இறக்கி வெட்டிய நீல கவுனை இஸ்திரி போட்டு மாட்டிக்கூட வைத்திருந்தாள். அதைத்தான் கெடுத்தேன்.

அதை வாங்கின இடம் அன்றைக்கு மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு உள்ளாடைக் கடைக்குள் நுழைந்தேன். எங்கே பார்த்தாலும் தப்பாகத் தெரிந்ததால் கூரையைப் பார்த்தபடி நடந்து, ஒரு பொம்மையை இடித்து, அதனிடம் "ஸாரிம்மா" என்றேன்.

"என்ன வேணும் அண்ணா?" விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஒட்டுவாங்களே... அது."

"எந்த டிரஸ்ஸுக்கு? முதுகு தெரியுற கவுனுன்னா ஒட்டுறது. புடவை, சுடிதாருக்கு ஸ்ட்ராப் வெச்ச சாதா பிராதான் சௌகரியம். ஒட்டுறது வேர்த்தா நழுவும். அக்கா டான்ஸெல்லாம் ஆடுவாங்களா?"

"வந்தாலே போதும்மா."

சைஸ் கேட்டாள், சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, "இதுல தனியா ஒண்ணு மட்டும் கிடைக்குமா?" என்றேன்.

"செருப்புக் கடையில போய் இப்படிக் கேப்பீங்களா அண்ணா?" பக்கத்தில் நின்ற இன்னொரு விற்பனைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

வேறு நாளாக இருந்தால் நானே நாலு ஜோக் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"கவுனுக்கு ஒட்டுறது வாங்கட்டுமா? இல்லை, புடவையே கட்டிக்கிறியா? அப்படின்னா மாட்டுறது வாங்கறேன்."

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டத்துக்கு நானா போட்டுக்கப் போறேன்?"

"ஏதோ ஒண்ணு." வைத்துவிட்டாள்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் கடை பரப்பி, விற்பனைப் பெண் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். "ஒட்டுறதுன்னா கிரீம், பவுடர் எதுவும் கூடாதாம். மாட்டுறதுன்னா தோள்பட்டை அழுத்தாம பார்த்துக்கணுமாம்..."

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் நின்றேன்.

"இனிமே உதவி பண்றேன்னு எதையும் தொடமாட்டேன். நீ இல்லாம நான் மட்டும் அங்கே போய் நிக்கவும் மாட்டேன். எது வேணும்னு ஒரே ஒரு வார்த்தை நேரா சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் எழுந்து போய் நீல கவுனைக் கையில் எடுத்தாள். கண்ணாடியில் தன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் வேணாங்க. கேன்சர் விட்டுவெச்ச இந்த ஒரு மார்போடயே வர்றேன், கிளம்புங்க."