நேரான வேலி

சரிவில் இருந்த ஒரு வீட்டின் கீரைப் பாத்தியை ஆடு தினமும் மேய்ந்தது. அதனால் வேலி போட வந்தார்கள்.

"தரையோட போக்கிலேயே நாமளும் இறங்கிடலாம், அண்ணே. செலவும் குறையும்," என்றது கல்லுக்கால்.

"என் குமிழி நடுவுல நிக்காம ஒரு வேலியா?" என்று சீறியது, மட்டம் பார்க்க வந்த ரசமட்டம்.

அது சொன்னபடியே நடந்தது. பள்ளத்துப் பக்கம் எட்டடிக் கால்கள் நட்டார்கள், செலவு இரட்டிப்பானது. கம்பிவலை மேலும் கீழும் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது.

மறுநாள் ஆடு வந்தது. பள்ளத்துப் பக்கம் வலைக்கு அடியில் நாலடி இடைவெளி. தலைகூடக் குனியாமல், இரண்டு குட்டிகளோடு துள்ளி உள்ளே போனது.

"இவ்வளவு செலவு பண்ணி எனக்கு யாரும் வாசல் வச்சதில்ல, அண்ணே!" என்றது, வாய் நிறையக் கீரையோடு.

"வாசல் எவ்வளவு நேரா இருக்கு, பார்த்தியா?" என்றது ரசமட்டம், பூரித்துப்போய்.