முகம் போதும்

“எலே ஜெனிலே, முதல்ல எனக்க முகத்த ஏத்து. மத்தவங்க பெறவு.”

மோகனன் காமிரா முன்னால் போய் உட்கார்ந்தார். காமிராவை இயக்கும் ஜெனில் பொத்தானை அமுக்கினான். மூன்றே நொடி. திரையில் பச்சை வெளிச்சம் வந்தது. ‘வணக்கம், மோகனன்.’

“கண்டியளா? இனி இந்த முகம் போதும். பாஸ்வேர்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!”

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி அறை. விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனி. மோகனன் அதற்கு மேலாளர்.

விமான நிலைய கவுண்டரில் ஒரே கம்ப்யூட்டரை ஐந்து விமானக் கம்பெனிகள் மாறி மாறிப் பயன்படுத்தும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட். பாவம், பிள்ளைகள் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பார்கள். கை கழுவினால் போச்சு! இனி அந்தத் தொல்லை கிடையாது. எந்தக் கவுண்டரில் உட்கார்ந்தாலும் ஆளின் முகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே திறந்துவிடும்.

கடைசி நாற்காலியில் பிரசீதா இருந்தாள். வயது இருபத்திரண்டு. கொல்லயில் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். முகம் ஏறினால் திங்கள்கிழமை முதல் வேலை. ஏறாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு. இதை மோகனன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் காதில் அதெல்லாம் எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல் விழுந்தது. தென்னந்தோப்புக்கு மேலே போகும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் அவள். வயலில் விமானத்தின் நிழல் ஓடும். கூடவே அவளும் ஓடுவாள். எத்தனையோ தடவை கனவில் அந்தக் கவுண்டர் வந்திருக்கிறது. கனவில் அதற்குச் சுவர் இருக்காது. மேகத்துக்கு நடுவே ஒரு மேசை மட்டும் மிதக்கும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து, அவள் பெயரைச் சொல்ல வாயெடுப்பார். அதற்குள் விழிப்பு வந்துவிடும். அப்புறம் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

புறப்படும்போது அம்மா கதவுவரை வந்து, “நேரா பாத்து இரி மக்கா” என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொருவராகப் போனார்கள். அஜிதாவுக்குப் பச்சை. நிபினுக்குப் பச்சை. மோகனனின் கண் பட்டியலில்தான் இருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சார், நான் வரட்டா?” என்றாள் பிரசீதா.

“ஆங், வா வா,” என்றார் நிமிராமலே.

காமிரா முன்னால் அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அறை முழுக்கத் தூசி மின்னிக்கொண்டு மெல்ல மிதந்தது. என்னைத் தெரியணுமே, என்னைத் தெரியணுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திரை சிவந்தது.

ஜெனில் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தான். “பயப்படாண்டாம். ஒருக்கா கூடி பாப்போம்.”

மறுபடியும் சிவப்பு.

“என்னடே அங்க?”

“சாரே, இந்த முகம் ஏற்கெனவே ஏத்தியாச்சுன்னு சொல்லுது.”

“அதெப்படி? இந்தப் பெண்ணு இப்பம்தான வந்து இருக்கா? யாருக்க பேரு காட்டுது?”

ஜெனில் தலையைச் சொறிந்தான். “சாருக்க பேரு.”

அறையே கொல்லென்று சிரித்தது. “சார், மீசைய எடுத்துட்டுப் பாக்கணும்!” என்றான் நிபின். மோகனனும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மெஷினுக்குக் கிறுக்காக்கும்!”

“சொந்தக்காரங்கன்னா சிலப்போ இப்பிடி மாறிப்போவும் சாரே. கண்ணும் தாடையும் ஒண்ணுபோல இருந்தா மெஷின் என்ன செய்யும்? சாருக்கு இவ என்னமும் சொந்தமா?”

“எனக்கு யாருடே சொந்தம்? பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. அத அழிச்சிட்டு அடுத்த ஆள விளி.”

பிரசீதா எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் உதட்டில் சிரிப்பு வந்தது. இரண்டையும் அவளால் அடக்க முடியவில்லை.

“அழிக்காண்டாம் சார்,” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் மோகனன் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பட்டியல் கையிலிருந்து நழுவியது.

“ஒனக்க... ஒனக்க அம்மைக்க பேரு என்ன?”

“சுகுமாரி. நான் கைக்குழந்தையா இருக்கப்போ, இதே ஊரு கோர்ட்டில, ‘இந்தப் பிள்ளைக்கு எனக்க சாயல் ஒரு துளிகூட இல்ல’ன்னு நீங்க சத்தியம் செய்தியளே... அன்னைக்கு இந்த மெஷின் இல்லாமப் போச்சு, அப்பா.”