வெள்ளிக்கிழமை வருகிறான்

"இன்னும் உசத்திக் கட்டு. குனிஞ்சு வர்றவனா அவன்?" என்றாள் அக்லாயா.

ஏணியில் நின்றிருந்தார் கோஸ்தாகே. கவாத்து பண்ணிய திராட்சைக் கொடியை இன்னும் ஒரு முழம் மேலே இழுத்துப் பந்தல் கம்பியில் கட்டினார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

பனி உருகி வாசலெல்லாம் சேறு. மற்ற வருஷங்களில் இந்த வேலைகளை ஈஸ்டர் வரைக்கும் ஆற அமரச் செய்வார்கள். இந்த வருஷம் ஆறே நாள்தான் கிடைத்தது. போன சனிக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. மகன் ரெமுஸோடு இத்தாலியில் ஒரே இடத்தில் வேலை செய்கிற டோரு பேசினான். பேசி முடித்து கோழிக்கொட்டகைப் பக்கம் வந்த கோஸ்தாகே, "நம்ம ரெமுஸ் வர்றான். வெள்ளிக்கிழமை" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். அவள் மடியிலிருந்த தீவனத்தை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, "அப்ப தோட்டத்தைச் சுத்தம் பண்ணணும்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த வேலை, இன்னும் முடியவில்லை. நாளை வெள்ளி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கட்டட வேலைக்கு இத்தாலி போகிறேன் என்று மகன் பெட்டி கட்டிய அன்று, "போனா போ. திரும்ப இந்த வாசலை மிதிக்காதே" என்று கத்தியது கோஸ்தாகேதான். பையன் ரோஷக்காரன். மிதிக்கவே இல்லை. அம்மாவோடு மட்டும் அவளுடைய செல்போனில் பேசுவான். அப்பா பேச்சை எடுத்தால் வைத்துவிடுவான்.

அவன் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அதை நினைத்தாலே கோஸ்தாகேவுக்குச் செத்துத் தொலைந்தால் தேவலை போலிருந்தது.

பக்கத்து வீட்டு வியோரிகா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, பாதைக்குச் சரளை, மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு! மந்திரி கிந்திரி யாராச்சும் வர்றாங்களா?"

"ரெமுஸ் வர்றான்" என்றாள் அக்லாயா.

"அட, சொல்லவே இல்லையே அக்கா! பொண்டாட்டி யாரையாவது பிடிச்சுட்டானா?"

"இல்ல. தனியாத்தான்."

"பஸ்ஸுலயா?"

"வேன்ல."

"அப்ப சாமான் நிறைய வருதுன்னு சொல்லு. எனக்கு ஒரு காப்பிப் பொடி பாக்கெட்டாவது ஒதுக்கி வை அக்கா."

"நாளைக்கு வா. வரும்போது உங்க வீட்டு பெஞ்சு ரெண்டையும் எடுத்துட்டு வா. வால்நட் மரத்தடியில மேஜை போடப் போறோம். ஊரே வரும்."

"நோன்புக் காலத்துல கறி கிடைக்காது. பிளம் சாராயமாவது உண்டா?"

"அதெல்லாம் உண்டு."

வியோரிகா சிரித்துக்கொண்டே போனாள். கோஸ்தாகே ஏணியிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்லாயா, இங்க வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. அந்தப் பெரிய சீமை மாதுளைக் கிளை பாதையில நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. அதை வெட்டு முதல்ல."

"மொட்டு விட்டிருக்கே."

"விட்டா விட்டுட்டுப் போகட்டும்."

வெட்டினார். அவள் வாரியை எடுத்துக் காய்ந்த சருகையும் கிளையையும் மூலையில் சேர்த்துத் தீ வைத்தாள். புகை கிளம்பியது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அக்லாயா..."

"வாசப்படிகிட்ட இன்னும் வழுக்குது. ரெண்டு வண்டி சரளை போடு. வர்றவங்க கால் தடுக்கக் கூடாது."

போட்டார். தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிட்டு, கடப்பாரையோடு கேட்டருகே போனார். இடது பக்கத்துத் தூணைச் சுற்றி மண்ணைக் குத்த ஆரம்பித்தார்.

அக்லாயா வந்து நின்றாள். "இதை எதுக்குப் பிடுங்குற?"

"உளுத்துப் போச்சு."

அது ஓக் மரத் தூண். ரெமுஸ் பிறந்த வருஷம் அவரே இழைத்து நட்டது. இன்னும் ஐம்பது வருஷத்துக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. அக்லாயா அதைக் கையால் தட்டிப் பார்த்தாள். கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து, வலது பக்கத்துத் தூணின் அடியைத் தோண்ட ஆரம்பித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு தூணும் சாய்ந்தன. கேட் இருந்த இடம் ஆவென்று திறந்து கிடந்தது. கோஸ்தாகே கடப்பாரையை விட்டுவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டது.

"நான் பாவி, அக்லாயா. மிதிக்காதேன்னு சொன்னேனே, என் வாயாலயே சொன்னேனே. மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்தை அவன்கிட்ட..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அக்லாயா அவர் பக்கம் திரும்பவில்லை. வாசலின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தாள்.

"போதும். பக்கத்துக்கு மூணு பேரா ஆறு பேர் தோள் குடுத்தாலும் பெட்டி எங்கேயும் இடிக்காது" என்றாள்.

கோஸ்தாகே விக்கித்துப்போய் நிமிர்ந்தார். "உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

"அவன் சாரத்துலேருந்து விழுந்து போயிட்டான்னு டோரு முதல்ல எனக்குத்தான் கூப்பிட்டான். எப்படி உங்கிட்ட சொல்றதுன்னு தெரியாம, வீட்டு நம்பரைக் குடுத்து, 'அவன் அப்பாகிட்ட நீயே சொல்லிடுப்பா'ன்னு அழுதது நான்தான்."