டேனியின் சி.டி.

"ஏமாத்து வேலைய்யா இது!"

கிறிஸ்துதாஸ் போட்ட சத்தத்தில், கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கள்ளிக்குப்பத்திலிருந்து ஆட்டோவில், மடியில் வைத்தே கொண்டுவந்த பழைய ஹோம் கம்ப்யூட்டரை மனோகரனின் ரிப்பேர் கடை மேஜையில் வைத்தார். கீபோர்டும் பெட்டியும் ஒன்றாகவே சேர்ந்த, டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்து மாடல்.

"லைட் எரியுது. சி.டி. தட்டு வெளிய வருது, தள்ளினா உள்ள போவுது. நீ சீட்டுல எழுதிக் குடுத்தபடிதான் தட்டினேன். டிஸ்க் இல்லை, டிஸ்க் இல்லைன்னே வருது. லேப்டாப் டிரைவைச் சும்மா ஷோவுக்குச் சொருகி வெச்சிருக்கியா?"

மனோகரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்பப் பழைய மிஷின் சார். ஒத்துக்கல போலகீது. வாங்குன கூலியைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"கூலி யாருக்குய்யா வேணும்?"

அவருக்கு வேண்டியது உள்ளே போட்டிருந்த சி.டி.யில் இருந்தது. மகன் டேனி பள்ளிக்கூட நாட்களில் தினமும் இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து ஏதோ டைப் அடிப்பான். பிளாப்பியில் சேர்த்ததையெல்லாம் பிறகு ஒரு சி.டி.யில் மாற்றி வைத்திருந்தான். போன மாதம் பரணை ஒழித்தபோது அது அகப்பட்டது. இப்போதைய கம்ப்யூட்டரில் போட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். எழுதின மிஷினில்தான் திறக்கும் என்றார்கள். அதில் பிளாப்பி இருந்த சந்துக்குள் நுழையக்கூடியது மெல்லிசான லேப்டாப் சி.டி. டிரைவ் ஒன்றுதான். அதை மாட்டச் சொல்லித்தான் மிஷினையும் சி.டி.யையும் மனோகரனிடம் கொடுத்திருந்தார்.

டேனி பெங்களூரில் இருக்கிறான். வீட்டுப் பக்கம் வந்து ஆறு வருஷமாகிறது. போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவான். என்ன குறை வைத்தோம் என்று கிறிஸ்துதாஸும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டார். ஒன்றும் பிடிபடவில்லை.

"கிறிஸ்மஸுக்குள்ள இதைப் பிரிண்ட் எடுத்து அவனுக்கு அனுப்பணும். பாத்தா மனசு கேக்குமா, ஓடி வரமாட்டான்? தெருவுல ஒருத்தன் வீட்டுலயும் கம்ப்யூட்டர் இல்லாதப்போ வாங்கிக் குடுத்த அப்பன்யா நான்! அதுல போய் விளையாடுறியே!"

"வுட்டுடுங்க சார்."

"எதை விடறது? திற. என் கண்ணு முன்னாடி திற."

கிறிஸ்துதாஸே ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

டிரைவிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டை ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றி, பத்திரமாக ஓரத்தில் மடக்கி வைத்திருந்தது.

"பாத்தீங்களா? எல்லாரும் வந்து பாருங்க! அத்துப் போகல, வேணும்னே கழட்டி வெச்சிருக்கான். திரும்பத் திரும்ப அலையவெச்சுக் கறக்கலாம்னு!"

டீ கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா மனோகர் அண்ணாத்தே, வயசான மனுஷன்கிட்டயா இந்த வேலை?"

ரிப்பேருக்குக் கொடுத்த டேப்லெட்டைத் திரும்ப வாங்க வந்து காத்திருந்த ஹேமாவதிக்கும் பொறுக்கவில்லை. "நம்பித்தானேங்க பொருளைக் குடுத்துட்டுப் போறோம்? இப்படிப் பண்ணலாமா?"

மனோகரன் குரலைத் தாழ்த்தினான். "சார், ஒயரை மாட்டிக் குடுத்துடறேன். ஊட்டுக்கு எட்துகினு போயி, நீங்க மட்டும் தனியா குந்திப் பாருங்க. இங்க வாணாம்."

"ஏன்? உன் வண்டவாளம் வெளிய வந்துடும்னா? இங்கயே ஓட்டு. எல்லாரும் பாக்கட்டும்!"

மனோகரன் டேப்பைப் பிரித்து, ஒயரை மாட்டி, கடை டிவியோடு இணைத்தான். சி.டி. கரகரவென்று சுற்றியது. அவன் ஏதோ தட்டினான். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி வந்தன.

"இப்ப மட்டும் எப்படிய்யா படிக்குது?" என்று கேட்ட கிறிஸ்துதாஸுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. குரல் குழைந்துவிட்டது. "என் பையன் எழுதினதும்மா. அப்ப அவனுக்குப் பத்து வயசு. அவசரத்துல கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன். கொஞ்சம் சத்தமா படிம்மா."

ஹேமாவதி திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கு சார்." எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இன்னிக்கு கணக்குல எழுபத்தெட்டு..."

"எப்பவும் நல்லா படிப்பான்," என்றார் கிறிஸ்துதாஸ், கூட்டத்தைப் பார்த்து.

"எழுபத்தெட்டுதானான்னு அப்பா பெல்ட்டை உருவினாரு. அம்மா குறுக்க வந்தாங்க. அம்மாவுக்கும்..."

ஹேமாவதி நிறுத்திவிட்டாள். டீக்காரர் மெல்ல நகர்ந்து போனார்.

"டெஸ்ட் பண்றப்பவே பாத்துட்டேன் சார்," என்றான் மனோகரன். "தினம் தினம் இதான் எழுதிகீறான். அதான் கழட்டுனேன். ஆஃப் பண்ணிடட்டுமா?"

கிறிஸ்துதாஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இருக்காம்மா?"

"இந்தப் பக்கத்துல கடைசியா ஒரு வரி இருக்கு சார்."

"படி."

ஹேமாவதி அவரை நிமிர்ந்து பார்க்காமலே வாசித்தாள்.

"இதுல எழுதினா பயம் இல்ல. அப்பாவுக்கு இதைத் திறக்கத் தெரியாது."